ஒன்றுமில்லை!

முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இமயமலைப் பிரயாணக் கட்டுரை என்றதும், கடைசிப் பத்தியில் நான் ஏதாவது ஒரு சிகரத்தின் மேல் கொடியை நட்டுவிட்டு நிற்பேன் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். கொடியும் இல்லை, சிகரமும் இல்லை. ஒரு மலைக் கிராமத்திலிருந்து இன்னொரு மலைக் கிராமத்துக்கு ஒரே ஒரு நாள் நடக்கப் புறப்பட்டேன். அதற்கும் போய்ச் சேரவில்லை. 'பின்னே எழுதுவதற்கு என்ன இருக்கிறது?' என்று கேட்கிறீர்களா? போய்ச் சேராத கதையைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022-ம் வருஷம் அக்டோபர் மாதம். எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "எவரெஸ்ட் பக்கம் போய்வந்த ஆண்கள் எழுதியதையெல்லாம் படித்து அலுத்துவிட்டது. வீட்டையும் கவனித்து ஆபீசுக்கும் வந்து போகிற ஒரு பெண்மணி போய்வந்து எழுதினால் எப்படியிருக்கும்?" என்றார். நேபாளத்தில் கும்பு என்னும் பிரதேசம். அங்கே தெங்போச்சே என்ற மலை முகட்டில் ஒரு புத்த மடம் இருக்கிறது. 1916-ல் கட்டினார்கள், 1934-ல் பூகம்பத்தில் இடிந்தது, மறுபடி கட்டினார்கள், 1989-ல் தீப்பிடித்து எரிந்தது, மறுபடியும் கட்டினார்கள். அந்த மடத்தின் நிழலில் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் சிகரங்களின் மேல் பொன் வெயில் விழுவதைக் கண்ணால் கண்டு எழுத வேண்டும். இதுதான் உத்தரவு.

வீட்டில் சொன்னேன். "மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாலே ஐந்து நிமிஷம் நாற்காலியைத் தேடுகிறவள், இமயமலைக்கா?" என்றார் என் கணவர். அவ்வளவுதான், எனக்கு ரோஷம் பிறந்துவிட்டது. ஒரு மாத காலம் காலையும் மாலையும் மொட்டை மாடி வரை ஏறி ஏறி இறங்கினேன். எதிர்ப்பட்ட அண்டை வீட்டுக்காரர்களெல்லாம், "ஏதாவது வேண்டுதலா?" என்று விசாரித்தார்கள்.

லுக்லா என்ற இடத்துக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும். மலைச் சரிவிலேயே வெட்டி, சாய்வாகப் போட்ட குட்டி ஓடுபாதை அது. மேகம் கவிழ்ந்தால் விமானம் கிடையாது. எனக்கு மேகம் ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் கவிழ்ந்தது! திரும்புகிற தேதியோ நிச்சயமாகிவிட்டது. ஆகவே, இடையில் ஓய்வுக்கென்று ஒதுக்கியிருந்த நாளை நான் பாட்டுக்கு அடித்துவிட்டேன்.

லுக்லாவில் எனக்காகக் காத்திருந்த வழிகாட்டி ஒரு பெண். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கலாம். என் தோள் உயரம். ஆப்பிள் நிறக் கன்னம். தன் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் போடவில்லை. அவள் என்னை 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்டாள். நான் அவளை 'பஹினி' என்றேன். நேபாளியில் தங்கை. எங்கள் சம்பாஷணையெல்லாம் இந்தியில்தான். என்னுடையது பரீட்சை எழுதித் தேறிய இந்தி. இலக்கணம் தவறாது, ஒருவருக்கும் புரியாது. அவளுடையது சினிமா பார்த்துக் கற்ற இந்தி. இலக்கணம் கிடையாது, எல்லோருக்கும் புரியும்.

"நீ ஷெர்பாப் பெண்தானே?" என்று கேட்டு, வந்த உடனேயே அசடு வழிந்தேன். "இல்லை தீதி. நான் ராய் ஜனம். கீழ் மலைக்காரி. மூட்டை தூக்குகிறவர்களெல்லாம் ஷெர்பா என்று நினைக்கிறார்கள். ஷெர்பா என்பது வேலையின் பெயர் இல்லை, ஒரு ஜனத்தின் பெயர்" என்றாள். ஷெர்பாக்களைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் சொன்னாள். அவர்களில் பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். திங்களன்று பிறந்தால் தாவா, செவ்வாயானால் மிங்மா, வெள்ளியானால் பஸாங். "இந்தப் பாதையில் நின்று 'பஸாங்!' என்று ஒரு குரல் கொடுங்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்" என்று சிரித்தாள்.

ஓய்வு நாளை நான் அடித்துவிட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று படுத்த இடத்துக்கும் நாளை படுக்கிற இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் உயரம் கூடக் கூடாது. நடுவே நடுவே ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். உடம்பு பழக வேண்டுமே!" என்றாள்.

நான் மன்றாடினேன். மாடிப்படி ஏறிய கதையையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், எது வந்தாலும் அந்த நிமிஷமே அவளிடம் சொல்லிவிட வேண்டும். "'டீக் ச' என்று மட்டும் சொல்லக் கூடாது, தீதி." டீக் ச என்றால், 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அர்த்தம். சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாம்சே பஜாருக்கு வந்து சேர்ந்தோம். 3,440 மீட்டர் உயரம். குதிரை லாடம் மாதிரி வளைந்த மலைச் சரிவில், கொலுப்படிபோல வீடுகள். அங்கே நம் மூச்சில் கிடைக்கிற பிராணவாயு, சென்னைக் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மறுநாள் காலை கண் விழித்தபோதே நெற்றிப் பொட்டில் லேசாக விண் விண் என்றது. 'காபி குடிக்காத தலைவலி' என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். காபி குடித்தேன். தலைவலி போகவில்லை. பஹினியிடம் சொன்னேனா? சொல்லவில்லை.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். நாம்சேயின் தலைக்கு மேலேயே நெட்டுக்குத்தாக ஏறுகிறது பாதை. "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்று அவள் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். மெல்ல, மெல்ல என்று பொருள். பத்து அடி வைப்பேன், நிற்பேன். எதிரே தன் உயரத்துக்கு மேல் சுமையை ஏற்றிய பிரம்புக் கூடையை நெற்றிப் பட்டையில் தாங்கிக்கொண்டு ஒரு பையன் இறங்கி வந்தான். கையிலே குட்டையான ஒரு கட்டைக்கோல். களைத்தால் அதையே கூடைக்கு முட்டுக் கொடுத்து நின்றபடி இளைப்பாறுகிறான். பஹினி அவனை நிறுத்தி, நேபாளியில் ஏதோ விசாரித்துவிட்டுத்தான் போக விட்டாள். அன்று காலை எதிர்ப்பட்ட சுமைகாரப் பையன் ஒவ்வொருவனிடமும் அப்படி விசாரித்தாள். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதரை மணிக்குக் கும்ஜுங் கிராமம். 3,790 மீட்டர். பச்சைக் கூரை போட்ட கல் வீடுகள். வீட்டைச் சுற்றிக் கல்லடுக்கிய வேலி. வேலிக்குள் உருளைக்கிழங்கு விளைந்து ஓய்ந்த நிலம். கிராமத்துக்குப் பின்னால் கும்பிலா என்கிற மலை. அது அவர்களுடைய தெய்வம். அதன்மேல் ஒருவரும் ஏறுவதில்லை. மதில்களின் மேல் வட்ட வட்டமாக என்னவோ காய்வதைக் கண்டு கிட்டப் போனால், சாட்சாத் நம் ஊர் வறட்டி! மாட்டுக்குப் பதில் யாக். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட சுவர் ஒன்று கிராமத்தின் நடுவே போகிறது. அதை எப்போதும் நம் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். கோயில் பிரதட்சிணம் போகிற நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

இந்தக் கிராமத்துக் கோயிலில் 'எட்டி' என்னும் பனி மனிதனின் மண்டைத் தோல் என்று ஒன்றைப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்கள். 1960-ல் எட்மண்ட் ஹில்லாரி அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். ஒருவகை மலையாட்டின் தோலில் செய்தது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். கிராமத்தார் கவலைப்படவில்லை, பெட்டி இன்றும் பத்திரமாக இருக்கிறது. அந்த ஹில்லாரிதான் 1961-ல் இங்கே பள்ளிக்கூடத்தைக் கட்டினார். 1966-ல் பக்கத்துக் குந்தே கிராமத்தில் ஆஸ்பத்திரி. 1975-ல் அவருடைய மனைவியும் கடைசிப் பெண்ணும் காத்மாண்டுவில் விமான விபத்தில் இறந்தார்கள். அவர் கட்டிக்கொண்டிருந்த இன்னோர் ஆஸ்பத்திரிக்கு, அவரைப் பார்க்கப் புறப்பட்ட பிரயாணம் அது. அதற்குப் பிறகும் அவர் இந்த ஜனங்களை விட்டுவிடவில்லை. 1953-ல் டென்சிங்குடன் எவரெஸ்டில் ஏறியதைவிட இது பெரிய ஏற்றம் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு கலந்து கல்லில் வார்த்த அடை. மேலே வெண்ணெய், தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். வேறொரு நாளாக இருந்தால் நாலு அடைக்குக் குறைய மாட்டேன். அன்று ஒரு விள்ளல் வாயில் போட்டேன், இறங்கவில்லை.

"பிடிக்கவில்லையா, தீதி?"

"பசியில்லை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

கும்ஜுங்கைத் தாண்டி ஒரு திருப்பத்தில் எதிர்ப்பக்கம் முழுவதும் திறந்துகொண்டது. தூரத்தில் ஒரு பெரிய பனிச் சுவர். அதற்குப் பின்னால் கறுத்த முனை மட்டும் எட்டிப் பார்த்தது. "அதுதான் எவரெஸ்ட்" என்றாள். உலகத்தில் மிக உயரமானதற்கு அவ்வளவு அடக்கம்! ஆனால் என் கண் அதில் நிற்கவில்லை. வலப்பக்கம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு மலை. மார்பின் மேல் பனிக்கட்டி ஒன்று பதக்கம்போல் தொங்குகிறது.

"ஆமா தப்லாம். ஆமா என்றால் தாயார். தப்லாம் என்பது அம்மாக்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற தாயத்துப் பெட்டி" என்றாள்.

ஆமா! நம் அம்மாவேதான். அந்த மலைக்கு முன்னால், காட்டுக்கு மேலே ஒரு முகட்டில் புள்ளியாகத் தெங்போச்சே மடம் தெரிந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்கு எதிரே இருந்தது. கண்ணுக்குள்ளேயோ சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தது.

"தலை வலிக்கிறதா, தீதி?"

"ஒன்றுமில்லை."

என்னையறியாமல் தமிழிலேயே சொல்லிவிட்டேன். "அப்படியென்றால்?" என்று கேட்டாள்.

"டீக் ச" என்றேன்.

அங்கிருந்து ஆற்றங்கரை வரை ஒரே இறக்கம். பைன் மரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. எங்கோ மணிச் சத்தம் கேட்டது. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த ஜோப்கியோ மாடுகள், முதுகின் இரண்டு பக்கமும் மூட்டையோடு வரிசையாக வந்தன. இம்மாதிரி சமயத்தில் மலைச்சுவர் ஓரமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தாள். நான் பள்ளத்துப் பக்கம்தான் நின்றேன்! மாடுகள் வருவதைப் பார்க்கிறேன். 'நகர வேண்டும்' என்று தெரிகிறது. கால் மட்டும் யாருடைய காலோபோல் அசையாமல் இருக்கிறது. பஹினி ஒரே தாவில் வந்து என் சட்டையைப் பற்றி இழுத்துச் சுவரோடு சுவராகச் சாய்த்தாள். மூட்டைகள் எங்கள் மார்பை உரசிக்கொண்டு போயின.

அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு எனக்கு முன்னால் நடக்கவில்லை, பக்கத்திலேயே நடந்தாள்.

ஒரு மணி சுமாருக்கு ஃபுங்கி தெங்கா. தூத் கோசி ஆற்றின் ஓரத்தில் சில சாப்பாட்டு விடுதிகள். 3,250 மீட்டர், நாம்சேயைவிடத் தாழ்வு. இங்கிருந்து எதிர் மலையில் 600 மீட்டர் ஏறினால் தெங்போச்சே. விடுதிக்குள்ளிருந்து பருப்பு தாளிக்கிற வாசனை வந்தது. அவ்வளவுதான், கொல்லைப் பக்கம் ஓடினேன். குடலே வெளியில் வந்துவிடும்போல வாந்தி.

நிமிர்ந்தபோது பஹினி நின்றுகொண்டிருந்தாள். கோபிக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துத் தரையில் நேராகக் கோடு கிழித்தாள். "இதன்மேல் நடங்கள். ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல் நுனியைத் தொட வேண்டும்." நடந்தேன். கோடு தப்பவில்லை. அவள் நீண்ட மூச்சு விட்டாள். தள்ளாட்டம் வந்தால் மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்று அர்த்தமாம். சிலருக்கு நுரையீரலில் கோத்துக்கொள்ளும். எதுவானாலும் தாமதமின்றி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

"இன்று இங்கேயே தங்குகிறோம். மேலே போகிறதில்லை" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவ்வளவு செலவழித்து வந்தது இதற்காகவா? ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது? கணவர் சிரிக்க மாட்டாரா? "பணம் கொடுத்து வந்தவள் நான். என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வா, போகலாம்!" என்று கத்தினேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு தாஜு, அதாவது அண்ணன், இருந்தான். பத்தொன்பது வயசு. வேறொரு மலைப்பக்கம் ஒரு கூட்டத்தாருக்கு மூட்டை தூக்கிப் போனான். மலைக்காரனுக்கு ஒன்றும் வராது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், தீதி. நாங்கள் கீழ் மலைக்காரர்கள், எங்களுக்கும் வரும். தலைவலி வந்திருக்கிறது. சொன்னால் கூலி போய்விடும் என்று, யார் கேட்டாலும் 'டீக் ச, டீக் ச' என்றிருக்கிறான். முடியாமல் விழுந்ததும் கூலியைக் கையில் கொடுத்துத் தனியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு பாறையோரம் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. நான் அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

காலையிலிருந்து சுமைகாரப் பையன்களை அவள் என்ன விசாரித்தாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

சகோதரிகளே, இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தாயாருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்க முடியாமல் நின்றதை நான் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றேன். "ஒன்றுமில்லை" என்றாள். வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன். "கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே, அம்மா" என்றார் அவர். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருஷம் படாத பாடுபட்டு என் அம்மா போய்விட்டாள். "ஏனம்மா சொல்லவில்லை?" என்று அழுது கேட்டிருக்கிறேன். "உன் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. நடுவிலே இதை எப்படியடி சொல்வது?" என்றாள். அந்தப் பதிலுக்காக அம்மாவிடம் எனக்கு உள்ளூரக் கோபம் உண்டு. இத்தனை வருஷம் ஆகியும் அது தீரவில்லை.

அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அம்மாவின் அதே சொல்லை, அதே குரலில், காலையிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவாவது பெண்ணின் கல்யாணத்துக்காகச் சொன்னாள். நான் எதற்காக? ஒரு கட்டுரைக்காக, கணவர் கேலி செய்யக் கூடாது என்பதற்காக. அம்மாவைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? அழுதேன். பஹினி முதுகைத் தடவிக் கொடுத்தாள். தலைவலியால் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் விடுதிக்கார அம்மாள் பூண்டு சூப் வைத்துக் கொடுத்தாள். உயரத்துக்கு நல்லது என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு அது ஏறக்குறைய நம் பூண்டு ரசம்! புளிதான் இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன், வயிற்றில் நின்றது. வெளியே ஆற்று நீர் வேகத்தில் பிரார்த்தனைச் சக்கரங்கள் தாமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. ராத்திரி இரண்டு முறை பஹினி எழுந்து, டார்ச் விளக்கோடு வந்து என் மூச்சைக் கவனித்துவிட்டுப் போனாள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கடைசிப் பொய் அதுதான்.

காலையில் தலை தெளிந்திருந்தது. "இப்போது போகலாமா?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு மிச்சமிருந்த நாட்கள், லுக்லாவுக்குத் திரும்பி நடக்கத்தான் போதும். எதிர் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். மரங்களுக்கு மேல் மடம் தெரியவில்லை. திரும்பி நடந்தோம்.

ஊர் வந்து சேர்ந்ததும் ஆசிரியர், "தெங்போச்சே எப்படி?" என்றார். "எதிர் மலையிலிருந்து பார்த்தேன், ஸார். அழகாக இருந்தது" என்றேன். கணவர், நான் எதிர்பார்த்தபடி சிரிக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

போன வாரம் என் அண்ணி வந்திருந்தாள். பாத்திரத்தை இறக்கி வைத்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். "என்ன அண்ணி?" என்றேன்.

"ஒன்றுமில்லை."

அடுப்பை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்காருங்கள் அண்ணி. எவ்வளவு நாளாக?" என்று கேட்டேன்.

சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலு மாசமாக" என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் டாக்டரிடம் போனோம்.